கேஸ் போகவில்லை, ஃபில்டரைப் பாருங்கள்: வேலை அழுத்தத்துக்கு அறிகுறிவாரியாக ஒரு பழுதுபார்ப்பு

ஏ.சி. குளிரவில்லை என்று எங்களைக் கூப்பிடுகிறவர்கள் நோயையும் மருந்தையும் சேர்த்தே சொல்லிவிடுவார்கள். "கேஸ் போய்விட்டது, வந்து நிரப்பிவிட்டுப் போங்கள்." கேஸ் மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருப்பது. எங்காவது கசிந்தால் ஒழிய அது குறையாது. முன்மூடியைத் திறந்தால் பல வீடுகளில் ஃபில்டரின் மேல் கம்பளி போர்த்தியதுபோல் தூசி படிந்திருக்கும். குழாயடியில் கழுவி, உலரவைத்து மாட்டினால் அரை மணி நேரத்தில் அறை குளிர்ந்துவிடும்.

'கேஸ்' அங்கே செய்கிற வேலையை அலுவலகங்களில் 'டென்ஷன்' செய்கிறது. வயிறு எரிந்தால் டென்ஷன், தூக்கம் வராவிட்டால் டென்ஷன், வீட்டில் எரிந்து விழுந்தால் ஆபீஸ் டென்ஷன். எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் வைத்தால் எல்லாவற்றுக்கும் ஒரே மருந்தைத்தான் தேடுவோம். இரண்டு நாள் லீவு, மகாபலிபுரம், வறுத்த மீன். திங்கட்கிழமை காலை கத்திப்பாரா மேம்பாலத்தில் ஏறும்போது எல்லாம் இருந்த இடத்துக்கே வந்துவிடும்.

நான் 14 ஆண்டுகள் ஏணி தூக்கியவன். கடந்த 7 ஆண்டுகளாகக் கிண்டிப் பக்கம் ஒரு சிறிய ஏ.சி. சர்வீஸ் நிறுவனத்தில் மெக்கானிக்குகளுக்கு வேலை பிரித்துக்கொடுக்கும் மேற்பார்வையாளன். மார்ச்சில் தொடங்கி ஜூன்வரை எங்களுக்குத் திருவிழாவும் அதுதான், தண்டனையும் அதுதான். அந்த நான்கு மாதங்களில் ஆட்களோடு சண்டை போடாமல் தாக்குப்பிடிக்க ஒரு நோட்டில் எழுதிவைத்தவற்றைத்தான் இங்கே ஒழுங்குபடுத்தித் தருகிறேன். கணினி முன் உட்காருகிறவர்களுக்கும் பெரும்பாலானவை பொருந்தும்.

உணர்வுசார் நுண்ணறிவு என்ற சொல்லை நான் முதலில் கேட்டது ஓர் அரைநாள் பயிற்சி வகுப்பில். எப்போதும் சிரித்த முகத்தோடு இருக்க வேண்டும் என்பதுதான் அதன் சாரம் என்று புரிந்துகொண்டு, சமோசாவைத் தின்றுவிட்டு வந்தேன். பிறகு படித்தபோதுதான் பயிற்சி கொடுத்தவரே தவறாகப் பிடித்திருந்தார் என்று தெரிந்தது. பீட்டர் சாலவே, ஜான் மேயர் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 1990-இல் இந்தக் கருத்தை முன்வைத்தார்கள். பின்னாளில் அதை நான்கு திறன்களாகப் பிரித்தார்கள். தன்னிடமும் பிறரிடமும் எழும் உணர்வைக் கண்டுகொள்வது, அதைச் சிந்தனைக்குப் பயன்படுத்துவது, அது எங்கிருந்து வந்தது, எங்கே போகும் என்று புரிந்துகொள்வது, அதன் பிறகு கையாள்வது. கையாள்வது நான்காவதாகத்தான் வருகிறது என்பதைக் கவனியுங்கள். எங்கள் தொழிலிலும் அதே வரிசைதான். மீட்டர் வைத்துப் பார்க்காமல் ஸ்குரூவைக் கழற்றுகிறவனை நான் வேலைக்கு வைத்துக்கொள்வதில்லை.

எந்த அறிகுறிக்கும் முன்: பிளக்கில் மின்சாரம் வருகிறதா?

புதுப் பையன்களுக்கு முதல் நாள் பாடம் இது. கம்ப்ரசரைச் சந்தேகப்படும் முன் பிளக்கில் மின்சாரம் இருக்கிறதா பார். மனத்துக்கும் அப்படியே. கடைசியாக எப்போது சாப்பிட்டேன்? தண்ணீர் எவ்வளவு குடித்தேன்? நேற்று எத்தனை மணி நேரம் தூங்கினேன்? வெயிலில் எவ்வளவு நேரம் நின்றேன்? இந்த நான்கையும் கேட்காமல் "எனக்கு இந்த வேலையே பிடிக்கவில்லை" என்ற முடிவுக்கு வராதீர்கள்.

அக்னி நட்சத்திர நாட்களில் எங்கள் ஆட்களுக்குள் நடக்கும் சண்டைகள் பெரும்பாலும் பிற்பகல் 3 மணிக்கும் 5 மணிக்கும் நடுவில்தான் வரும். காரணம் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு கோடை ஆயிற்று. மொட்டை மாடியில் வெந்துகொண்டிருக்கும் அவுட்டோர் யூனிட்டின் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்கிறவர்கள், மதியச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டு டீயும் பன்னும் சாப்பிட்டு ஓட்டிக்கொண்டிருந்தார்கள். ஒன்றரை மணி முதல் இரண்டேகால்வரை யாருக்கும் வேலை ஒதுக்குவதில்லை என்று வைத்தேன். சண்டை நின்றுவிடவில்லை, ஆனால் பாதிக்குமேல் குறைந்தது. நான் எந்த அறிவுரையும் சொல்லவில்லை, சோறு சாப்பிட விட்டேன், அவ்வளவுதான்.

டீயைப் பற்றி ஒரு வார்த்தை. அதில் இருக்கும் காஃபீனில் பாதி உடலைவிட்டுப் போகவே சுமார் 5 மணி நேரம் பிடிக்கும். மாலை 6 மணிக்கு 'ஸ்ட்ராங்காக' ஒன்று குடித்துவிட்டு இரவு 11 மணிக்கு நெஞ்சு படபடக்கிறதே என்று கவலைப்படுகிறவர்கள் முதலில் கண்ணாடி டம்ளரைப் பார்க்கட்டும்.

அறிகுறி 1: மேனேஜரின் பெயர் திரையில் தெரிந்தாலே வயிறு பிசைகிறது

வயிற்றைக் குறை சொல்லாதீர்கள், அது தன் வேலையைச் செய்கிறது. வால்ட்டர் கேனன் ஹார்வர்டில் மருத்துவ மாணவராக இருந்தபோது, 1890-களின் இறுதியில், அப்போது புதிதாக வந்திருந்த எக்ஸ்ரேயை வைத்துப் பூனைகளின் இரைப்பை எப்படி அசைகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். பூனை மிரண்டால் அந்த அசைவு சட்டென நின்றுவிட்டது. எதிர்த்து நில் அல்லது ஓடு என்று உடல் தயாராவதைப் பற்றி அவர் பிற்காலத்தில் எழுதியவற்றுக்கு இதுதான் தொடக்கம். ஆபத்து என்று மூளை முடிவு கட்டிவிட்டால் செரிமானத்துக்குப் போகும் ரத்தம் கை கால்களுக்குத் திருப்பிவிடப்படுகிறது. மேனேஜர் புலி அல்ல என்று வயிற்றுக்குத் தெரியாது.

நம் இலக்கணக்காரருக்கும் இது தெரிந்திருந்தது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் அச்சம் பிறக்கும் இடங்கள் நான்கு என்கிறது: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. பேய், கொடிய மிருகம், திருடன், இவற்றோடு ஒரே வரியில் தம்மை ஆளும் தலைவன். எங்கள் முதலாளிக்கு இதைச் சொன்னபோது கொஞ்சம் பெருமைப்பட்டார் என்றே நினைக்கிறேன்.

சரிசெய்ய: மணி அடித்ததும் எடுக்க வேண்டாம். ஒரு முறை மூச்சை இழுத்து, இழுத்ததைவிட நீளமாக விடுங்கள். மூச்சு வெளியேறும்போது இதயத் துடிப்பு சற்றுத் தளரும். இது உடலின் அமைப்பு, நம்பிக்கை வேண்டியதில்லை. இரண்டு மூச்சுக்கே குரலில் வித்தியாசம் தெரியும்.

ஆனால் இது தற்காலிக ஒட்டு. மூலக் கோளாறைக் கண்டுபிடிக்க, அழைப்பு முடிந்ததும் ஒரு வரி எழுதுங்கள்: எதற்குப் பயந்தேன்? நான் எழுதியபோது, திட்டுக்குப் பயந்ததாக ஒரு நாளும் இல்லை. "நேற்று எத்தனை வேலை பாக்கி?" என்று கேட்டால் பதில் தெரியாதே என்பதுதான் ஒவ்வொரு முறையும். அதற்கு மருந்து தைரியம் இல்லை, ஒரு துண்டுச் சீட்டு. காலை 10 மணிக்குள் பாக்கி எண்ணிக்கையை எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அவர் கூப்பிடும் முன் நானே கூப்பிட்டுச் சொல்ல ஆரம்பித்தேன். வயிறு மூன்று வாரத்தில் பழகிக்கொண்டது.

எழுதிப் பார்த்தபின்னும் "அவர் குரலே போதும்" என்று வந்தால், அவர் உங்களை எல்லோர் முன்னிலையிலும் இழிவாகப் பேசுகிறவராக இருந்தால், அது உங்கள் கோளாறு இல்லை. நேராக அறிகுறி 7-க்குப் போங்கள்.

அறிகுறி 2: சின்ன விஷயத்துக்குப் பெரிய கோபம்

இதில்தான் நான் அதிகம் அடிபட்டவன், அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு மே மாத வியாழக்கிழமை. எங்கள் குழுவிலேயே இளையவன், சாமான் வாங்கிய ரசீதைத் தொலைத்துவிட்டு வந்து நின்றான். 40 ரூபாய் ரசீது. ஸ்டோர் வாசலில் ஆறு பேர் நிற்க, "நாளைக்கு ஏ.சி.யையே தொலைத்துவிட்டு வந்து நிற்பாயா?" என்று தொடங்கி, அவன் அப்பாவரை போய்விட்டேன். அவன் கையில் ஸ்பானர் இருந்தது. அதைக் கீழே வைப்பதா, பிடித்துக்கொண்டே நிற்பதா என்று தெரியாமல் பெருவிரலால் அதன் பல்லைத் தேய்த்துக்கொண்டே இருந்தான். அந்த விரல்தான் இன்றும் எனக்கு நினைவில் இருக்கிறது.

வெகுளி பிறக்கும் இடங்களாகத் தொல்காப்பியம் சொல்பவை உறுப்பை அறுத்தல், குடியை நலித்தல், அடித்தல், கொலை. 40 ரூபாய் ரசீது அந்தப் பட்டியலில் இல்லை. அப்படியானால் வேறு எங்கிருந்தோ மின்சாரம் கசிந்து இங்கே ஷாக் அடித்திருக்கிறது. மாலையில் நோட்டை எடுத்து அன்றைய நாளைப் பின்னோக்கி எழுதினேன். 4 மணி, ரசீது. 2 மணி, சாப்பிட்டாயிற்று. 12 மணி, ஒன்றுமில்லை. 11 மணி, அடையாறிலிருந்து ஒரு வாடிக்கையாளர் தொலைபேசியில். "நீங்கள் எல்லாம் திருட்டுக் கூட்டம்" என்றார். நான் மூன்று முறை "சரி சார்" என்றேன். பக்கத்தில் தொலைபேசி மேசைப் பெண் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஆக, என்னிடம் இருந்தது கோபமே இல்லை. அவமானம். அதை 11 மணியிலிருந்து 4 மணிவரை சுமந்துவந்து, திருப்பி அடிக்க முடியாதவன் மேல் இறக்கிவைத்திருக்கிறேன்.

சரிசெய்ய: உணர்வுக்குச் சரியான பெயரைத் தேடுங்கள். இது பண்டித வேலை இல்லை. உணர்வுக்குச் சொல் கொடுக்கும்போது மூளையில் அச்சத்தோடும் ஆபத்தோடும் தொடர்புடைய அமிக்டலா என்ற பகுதியின் துடிப்பு தணிவதை மாத்யூ லீபர்மன் குழுவினர் 2007-இல் மூளைப் படங்கள் எடுத்துக் காட்டினார்கள். தமிழில் இதற்கு நமக்குப் பஞ்சமே இல்லை. எரிச்சல், ஆத்திரம், ஆதங்கம், மனத்தாங்கல், குமைச்சல், சலிப்பு, அலுப்பு, பதற்றம், கலக்கம், கூச்சம், பொறாமை, இயலாமை. இத்தனையையும் வைத்துக்கொண்டு 'டென்ஷன்', 'மூட் அவுட்' என்று இரண்டு சொல்லில் குடித்தனம் நடத்துகிறோம்.

பெயர் மாறினால் செய்ய வேண்டிய வேலையும் மாறுகிறது என்பதுதான் இதில் பயன். எரிச்சல் என்றால் பெரும்பாலும் உடல், மேலே சொன்ன நான்கு கேள்விக்குத் திரும்புங்கள். ஆதங்கம் என்றால் நன்றாக நடந்திருக்க வேண்டியது கெட்டுப்போயிருக்கிறது, அடுத்த முறைக்கு எதையாவது மாற்ற முடியுமா பாருங்கள். மனத்தாங்கல் அந்நியர் மேல் வராது, நெருங்கியவர் மேல்தான் வரும். அதை அவரிடமே, தனியாக, டீக்கடையில் நின்று சொல்லித் தீர்க்கலாம். அவமானம் நாலு பேர் முன்னால் நடந்தது, அதற்குத் தேவை உங்கள் பக்கம் நியாயம் இருந்தது என்று ஒருவராவது சொல்வது. அன்று 11 மணிக்கே அந்தப் பெண்ணைப் பார்த்து "என்னம்மா, கேட்டாயா அந்த ஆள் பேசியதை?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் பையன் தப்பித்திருப்பான்.

கொட்டிவிட்டால்? எங்கே கொட்டினீர்களோ அங்கேயே அள்ள வேண்டும். ஆறு பேர் முன்னால் திட்டிவிட்டுத் தனியறையில் மன்னிப்புக் கேட்பது கள்ளக் கணக்கு. மறுநாள் காலை அதே ஸ்டோர் வாசலில், அதே ஆட்கள் இருக்கும்போது, "நேற்று நான் பேசியது தப்பு, அப்பாவை இழுத்தது பெரிய தப்பு" என்றேன். அவன் "பரவாயில்லை சார்" என்றான். அதுவரை என்னை 'அண்ணா' என்றே கூப்பிட்டவன். அந்த 'சார்' இரண்டு வாரத்துக்குமேல் நீடித்தது. ஒரு நாள் பெருங்குடியிலிருந்து போன் செய்து, "அண்ணா, ஏணி எட்டவில்லை" என்றான். ஏணியோடு நானே போனேன்.

அறிகுறி 3: நாள் முழுக்க இனிமையாகப் பேசிவிட்டு வீட்டில் ஒரு வார்த்தை வரவில்லை

தொலைபேசி மேசையில் இருக்கும் பெண்ணைப் பற்றிச் சொன்னேனே, அவளுக்கு வந்தது இது. காலை 9 மணி முதல் மாலை 6 மணிவரை "வணக்கம், சொல்லுங்கள் சார்." கிண்டியில் மின்சார ரயில் ஏறித் தாம்பரத்தில் இறங்கி வீட்டுக்குப் போனால், அம்மா கேட்கும் எந்தக் கேள்விக்கும் தலையாட்டல்தான் பதில். வெளியே யாரோ தொந்தரவு கொடுக்கிறார்களோ என்று அம்மா பயந்துபோய் எனக்கே போன் செய்துவிட்டார்.

ஆர்லி ஹாக்சைல்டு என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1983-இல் இதற்கு ஒரு பெயர் கொடுத்தார், உணர்ச்சி உழைப்பு. விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து, மூட்டை தூக்குகிறவருக்கு முதுகு வலிப்பதுபோல் புன்னகையைக் கூலிக்குக் கொடுப்பவருக்கும் ஓர் இடத்தில் தேய்மானம் உண்டு என்றார். உள்ளே ஒன்று, முகத்தில் ஒன்று என்று வைத்துக்கொள்வதுதான் அதிகம் தேய்ப்பது. 1990-களில் ஜேம்ஸ் கிராஸ் செய்த சோதனைகளிலும், உணர்வை முகத்தில் காட்டாமல் அடக்கியவர்களின் முகம் அமைதியாக இருந்ததே தவிர, உடலின் முறுக்கு ஏறியது. ஆகவே "எதையும் காட்டிக்கொள்ளாதே, அதுதான் தொழில்" என்ற அறிவுரையை நான் கொடுப்பதை நிறுத்திவிட்டேன்.

சரிசெய்ய எங்களுக்குப் பலித்தவை: கத்துகிறவர் பேசும்போது அவர் வீட்டை மனத்தில் பார்ப்பது. மே மாதம், மூன்றாவது மாடி, கைக்குழந்தை, ஓடாத ஏ.சி. அவர் கத்துவது சூட்டைப் பார்த்து, உன்னைப் பார்த்து இல்லை. இப்படிப் பார்த்தால் "கஷ்டமாகத்தான் இருக்கும் சார்" என்ற வாக்கியம் உண்மையாகவே வருகிறது, நடிப்புக்கு வேலை குறைகிறது. இது எல்லா அழைப்புக்கும் பலிக்காது. கெட்ட வார்த்தை வந்தால் "எங்கள் மேற்பார்வையாளரிடம் கொடுக்கிறேன்" என்று சொல்லி என்னிடம் தள்ளிவிட அவளுக்கு உரிமை உண்டு, காரணம் கேட்க மாட்டேன். அப்படி ஓர் அழைப்புக்குப் பிறகு ஐந்து நிமிடம் எழுந்து போகலாம்.

வீட்டுக்கு அவளே கண்டுபிடித்த வழி எனக்குப் பிடித்திருந்தது. "அம்மா, ஏழரை மணிவரை என்னிடம் எதுவும் கேட்காதே, அதன் பிறகு நானே எல்லாம் சொல்கிறேன்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டாள். முன்பு மௌனமாக இருந்தபோது பயந்த அம்மா, இப்போது அதே மௌனத்தில் நிம்மதியாகக் காய் நறுக்குகிறார்.

அறிகுறி 4: படுத்த பிறகு அலுவலகம் தலைக்குள் திறக்கிறது

முடியாத வேலைகள் தலைக்குள் மணி அடித்துக்கொண்டே இருக்கும். வேலையை முடித்தால்தான் மணி நிற்கும் என்று நினைத்திருந்தேன். அதை எப்போது, எப்படிச் செய்யப்போகிறோம் என்று திட்டமாக எழுதிவைத்தாலே குறுக்கிடும் எண்ணங்கள் அடங்கிவிடுகின்றன என்று 2011-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. எழுதும் விதம் முக்கியம். 'வேளச்சேரி போர்டு பிரச்சினை' என்று எழுதினால் அது கவலையின் பெயர், கூடவே படுத்துக்கொள்ளும். 'காலை 9.15, கடைக்கு போன், வேளச்சேரி போர்டு வந்ததா' என்று எழுதினால் தூங்கவிடும். கைப்பேசியில் எழுதாதீர்கள், எழுதப் போன இடத்தில் வாட்ஸ்அப் குழு காத்திருக்கும்.

அறிகுறி 5: கூட்டத்தில் வாய் அடைத்துப்போகிறது, பதில் படிக்கட்டில் இறங்கும்போது வருகிறது

இது கோழைத்தனம் இல்லை, நேரப் பற்றாக்குறை. "இதற்கு மாலைக்குள் பதில் சொல்கிறேன்" என்ற ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். மாலைக்குள் சொல்லியும்விடுங்கள். வேறு வைத்தியம் எனக்குத் தெரியவில்லை, தேவைப்படவும் இல்லை.

அறிகுறி 6: கோபமும் இல்லை, பயமும் இல்லை, எதுவுமே இல்லை

மேலே சொன்ன அறிகுறிகளில் ஏதாவது சத்தம் இருந்தது. இதில் சத்தம் நின்றுவிடும். வாடிக்கையாளர் திட்டினாலும் சரி, பாராட்டினாலும் சரி, ஒன்றுபோல இருக்கும். எங்கள் மூத்த மெக்கானிக் ஒருவர், குழாய் வெல்டிங்கில் அவர் கை வேறு யாருக்கும் வராது, ஒரு செப்டம்பரில் அப்படி ஆனார். வேலை குறைந்து எல்லோரும் மூச்சுவிடும் மாதம் அது. "ஓய்வெடுத்தால் சரியாகிவிடும்" என்றேன். சரியாகவில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் 'பர்ன்அவுட்' என்ற பெயரில் இந்த நிலையை வரையறுத்தது. அது தனி நோய் இல்லை, சரியாகக் கையாளப்படாத நீடித்த வேலை அழுத்தத்தால் வருவது என்று சொல்லி மூன்று அடையாளங்கள் கொடுத்தது. வற்றிப்போன களைப்பு, வேலையிலிருந்து மனம் விலகிப்போவது அல்லது அதன் மேல் கசப்பு, செய்கிற எதிலும் திறன் குறைந்துவிட்டது என்ற உணர்வு. மூன்றும் அவரிடம் இருந்தன.

இந்த அறிகுறிக்கு வீட்டு வைத்தியம் எழுத மாட்டேன். கம்ப்ரசர் உள்ளே அடைபட்டிருந்தால் நாங்கள் தெருவில் வைத்துப் பிரிப்பதில்லை. வேலையைத் தாண்டி வீட்டிலும் எதிலும் மனம் ஒட்டாமல் இரண்டு வாரத்துக்குமேல் போனால், சாப்பாடும் தூக்கமும் குலைந்தால், இருந்து என்ன பயன் என்ற எண்ணம் ஒரு முறை தலைகாட்டினாலும், மருத்துவரிடம் போகும் நேரம் அது. மத்திய அரசு 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய டெலி மானஸ் உதவி எண் 14416. இரவும் பகலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

சென்னையில் இதற்கு ஒரு கூடுதல் தடை இருக்கிறது. கீழ்ப்பாக்கம் என்ற ஊர்ப் பெயரையே நாம் கேலிச் சொல்லாக வைத்திருக்கிறோம். 1794-இல் வேர்கொண்ட அரசு மனநல மருத்துவமனை அங்கே இருப்பதால், தூக்கம் வராதவர்கூட அந்தப் பக்கம் பஸ் ஏறத் தயங்குகிறார். எங்கள் மூத்தவரும் தயங்கினார். "சர்க்கரைக்கு மாதம் ஒரு முறை டாக்டரிடம் போகிறீர்களே அண்ணே, அதுபோலத்தானே" என்று அவர் மனைவி முன்னால் சொன்னேன். போனது மனைவியின் பிடிவாதத்தால்தான், என் பேச்சால் இல்லை. இப்போது வேலைக்கு வருகிறார். வெல்டிங் டார்ச்சை அவர் பற்றவைக்கும்போது புதுப் பையன்கள் சுற்றி நிற்கிறார்கள்.

அறிகுறி 7: எல்லாம் சரிபார்த்தாயிற்று, மறுபடியும் மறுபடியும் விழுகிறது

லோடு அளவை மீறினால் தானே விழுந்து மின்சாரத்தை நிறுத்தும் எம்.சி.பி. சுவிட்ச் அடிக்கடி விழுகிறது என்று 16 ஆம்பியரைக் கழற்றிவிட்டு 32 ஆம்பியர் மாட்டச் சொல்கிறவர்கள் உண்டு. மாட்டினால் விழாது. சுவருக்குள் இருக்கும் வயர் சூடேறி உருகும். பொறுமைப் பயிற்சியும் தியான வகுப்பும் சில அலுவலகங்களில் இந்த 32 ஆம்பியர் வேலையைத்தான் செய்கின்றன. ஆள் விழாமல் இருப்பான், உள்ளே கருகுவான்.

ராபர்ட் கராசெக் என்ற ஆய்வாளர் 1979-இலேயே காட்டியது இது. வேலை அதிகமாக இருப்பது மட்டும் மனிதனை உடைப்பதில்லை. வேலை அதிகம், எதை எப்படிச் செய்வது என்று முடிவெடுக்கும் உரிமை குறைவு, இந்த இரண்டும் சேரும் இடம்தான் மோசம். தி.நகரில் ஜவுளிக் கடைப் பெண்கள் காலை முதல் இரவுவரை நின்றுகொண்டே சேலை விரித்துக் காட்டினார்களே, அவர்களிடம் போய் உணர்வைக் கையாளச் சொல்வது எவ்வளவு அபத்தம்! அவர்களுக்குத் தேவைப்பட்டது நாற்காலி. 2021-இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ பிரிவைச் சேர்த்து, பணியாளர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று கொண்டுவந்தார்கள். கால் வலி என்ற அறிகுறி சரியான இடத்துக்குப் போய்ச் சேர்ந்ததன் விளைவு அது. அதே சட்டத்தில் ஒரு நாளைக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்ற வேலை நேர வரம்பும் 1947 முதல் இருக்கிறது. எத்தனை பேருக்குத் தெரியும்?

ஆகவே ஏழாவது அறிகுறிக்கு நுண்ணறிவைப் பயன்படுத்த வேண்டிய இடம் உங்கள் முகம் இல்லை, உங்கள் நோட்டு. எப்போது விழுகிறது, அப்போது லோடு என்ன என்று எழுதுங்கள். சென்ற கோடையில் ஆறு வாரம் எழுதினேன். தேதி, ஆளுக்கு எத்தனை வேலை, அன்று நடந்த சண்டை, ஒரு முறை சரிசெய்துவிட்டு வந்த வீட்டுக்கே மறுபடியும் போக நேர்ந்தது எத்தனை. ஆளுக்கு ஐந்து வேலைக்குமேல் போன நாட்களில்தான் சண்டையும் மறுபடிப் போக்கும் குவிந்திருந்தன. பக்கத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

முதலாளியிடம் எடுத்துப் போகும் முன் அவருக்கு என்ன பயம் என்றும் யோசித்தேன். மற்றவர் உணர்வை அறிவதும் இந்தக் கலையில் சேர்த்திதானே. அவருக்கு ஆட்களின் மனநிலை பற்றிப் பேசினால் சலிப்பு வரும். பெட்ரோல் செலவைப் பற்றிப் பேசினால் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவார். சண்டைக் கட்டத்தைக் கையால் மறைத்துக்கொண்டு மறுபடிப் போக்கு கட்டத்தைக் காட்டினேன். "இந்த வீட்டுக்கு மூன்று முறையா போனீர்கள்?" என்றார். அப்புறம் கையை எடுத்துவிட்டு, "இந்தக் கட்டத்தையும் பாருங்கள் சார்" என்றேன்.

மே மாதத்துக்கு ஆளுக்கு ஐந்து வேலை என்ற வரம்புக்கும், ஓர் உதவியாளுக்கும் ஒப்புக்கொண்டார். இரண்டு உதவியாட்கள் கேட்டிருந்தேன். இன்னொருவரை அடுத்த கோடைக்குப் பார்க்கலாம் என்றார். அவர் அப்படிச் சொன்ன தேதியையும் நோட்டில் எழுதிவைத்திருக்கிறேன்.